நீ தாண்டிப் போன கொப்பு

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் துண்டை மட்டும் தூக்கி ஆட்டுகிற என் அருமை மாப்ளே சுருளிக்கு,

நாளைக்கழிச்சு உனக்கு வருசம் திரும்புது. படத்துக்கு மாலை சொல்லியாச்சு. உனக்குப் பிடிச்ச உப்புக்கண்டத்தை வறுத்து வைக்கணும்னு உன் வீட்டுல ஏற்பாடு நடக்குது. நம்ம கூட மலை ஏறுற வழிகாட்டிப் பயலுக எல்லாரும் வர்றாங்க. செக்போஸ்ட்டு பாரஸ்ட்டு கார்டு அய்யாவும் வர்றேன்னு சொல்லியிருக்காரு. அத்தனை பேருக்கும் முன்னால எந்திரிச்சு நின்னு இந்தக் காயிதத்தை நான் வாசிக்கணும். இது என் தங்கச்சி போட்ட உத்தரவு. அவ உனக்குப் பொண்டாட்டிங்கிறதால உனக்கும் தெரியும், அவ உத்தரவு போட்டா மாத்த முடியாது.

நாலாப்புப் படிச்ச கை இது. கோணலா இருந்தா சிரிச்சுக்க. முத்து முத்தா எழுத வர்றது உனக்குத்தான். காட்டுக்குள்ள போயிட்டு வந்ததும், அன்னைக்கு என்னென்ன மிருகம் பாத்தோம்னு செக்போஸ்ட்டு நோட்டுல எழுதணுமே, அதுல நீ எழுதுவ: காட்டுமாடு மூணு, கருமந்தி ஒரு கூட்டம், முத்தையா ஒண்ணு. கார்டு அய்யா அதை வாசிச்சுட்டு என்னை ஏற இறங்கப் பாப்பாரு.

"இது என்ன மிருகம்யா? லிஸ்ட்டுலயே இல்லையே."

"அது வெறுமனே கத்தும் அய்யா. கடிக்காது."

போன மாசம் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாத்தேன். மை லேசாப் பரவிக் கிடந்துச்சு. கடிக்காதுன்னு நீ சொன்னது தப்பு மாப்ளே.

ஊர்ச்சேதி கொஞ்சம் சொல்லிட்டு விசயத்துக்கு வர்றேன். போடியில மழை இந்த வருசம் பரவாயில்லை. ஏலக்காய்க்கு நல்ல காய்ப்பு. உன் மக தேனியில நர்சிங் சேந்துட்டா, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா, மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம். தங்கச்சி ராக்கு எப்பவும் போல விடியக்காலையில ஜீப்பேறிப் போடிமெட்டுப் பக்கம் ஏலப்பழம் எடுக்கப் போறா. ஜீப்புல பதினாறு பேரு, அதுல இவ கடைசி சீட்டு, காலு வெளியில தொங்கும். நீ இருந்தா ஏசுவ. நான் ஏச முடியாது. என்கூட அவ பேசி ரெண்டு மாசமாகுது.

நம்ம மலை நடைபாதையைப் பத்து மாசம் பூட்டி வச்சிருந்தாங்க. ஐப்பசியில திறந்துவிட்டாங்க. மறுபடியும் ஆளுக வர்றாங்க. முதுகுல ஒரு மூட்டை, கையில ஒரு குச்சி, மூஞ்சியில வெள்ளையா ஒரு பூச்சு, அதே கூட்டந்தான். போன வாரம் ஒரு ஐ.டி. கம்பெனித் தம்பி கேக்குறான், "அண்ணே, புலியைப் பாக்கலாமா?"னு. "புலி உங்களைப் பாத்திருச்சு தம்பி, நீங்க பாக்குறதைப் பத்தி அதுக்கென்ன கவலை"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு, பழக்க தோசத்துல பின்னால திரும்பிப் பாத்தேன், நீ சிரிக்கிறியான்னு.

உன் சாவுக்குப் பெரிய பேனர் வச்சாங்க மாப்ளே. வந்தவங்க ஆறு பேரையும் பாறைகிட்ட நிறுத்திட்டு, முன்னால தனியாப் போயி ஆனைகிட்ட உயிரை விட்டவன்னு போட்டிருந்தாங்க. அது நெசந்தான். ஆனா டீக்கடையில பேசுறது வேற. "பச்சைக் கொப்பு போட்டு வச்சிருந்தும் பாக்காமப் போயிட்டான்யா. சுருளிக்குக் கண்ணு மங்கிப் போச்சு. கண்ணு மங்குனவன் எதுக்கு மலை ஏறணும்?" இதை என் காதுபடவே சொன்னாங்க. நான் டீயைக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்தேன். ஒருக்கா இல்லை, பல தடவை.

அந்தப் பேச்சை ஊருக்குள்ள விட்டது யாருன்னு இன்னைக்கு எல்லாருக்கும் தெரியட்டும். நான்தான்.

கொப்பு போடுறது என்னன்னு வழிகாட்டிகளுக்குத் தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். அந்தக் காட்டுல போன் எடுக்காது. கூட்டமாப் போனா மிருகம் மிரளும்னு ஆறு ஆறு பேராப் பிரிச்சு, அரை மணி நேரம் முன்னப்பின்ன விட்டுத்தான் கூட்டிட்டுப் போவோம். முன்னால போறவன் வழியில ஆனையைப் பாத்துட்டான்னா, பின்னால வர்றவனுக்குச் சொல்லணுமில்லையா? அதுக்குத்தான் கொப்பு. ஆள் உசரத்துக்குப் பச்சைக் கொப்பு ஒண்ணை மரத்துலேர்ந்து ஒடிச்சு, பாதைக்குக் குறுக்கே போட்டு, இலையெல்லாம் அடிப்பக்கம் மேல தெரியுற மாதிரி கவுத்தி வைக்கணும். காத்துல தானா ஒடிஞ்சு விழுந்த கொப்பு அப்படிக் கவுந்து கிடக்காது. இலையோட அடிப்பக்கம் வெளுப்பாத் தெரிஞ்சா மனுசன் போட்டதுன்னு அர்த்தம். இந்தப் பக்கம் வராதேன்னு அர்த்தம். நம்ம அய்யாமாரு காலத்துலேர்ந்து, தோட்டத்துக்குச் சுமை தூக்கிட்டு மலை ஏறுன காலத்துலேர்ந்து, அந்தக் கொப்பை யாரும் தாண்டுனது இல்லை.

யாரும் பொய்யாப் போட்டதும் இல்லை. நான் போட்டேன்.

ரெட்டைப் பாறைகிட்ட வழி ரெண்டாப் பிரியும். இடது பக்கம் சோலைக்குள்ள இறங்குனா கால் மணி நேரத்துல ஓடை. வலது பக்கம் புல்லுமேட்டுல ஏறிச் சுத்துனா ஒரு மணி நேரம், வெயில்ல மண்டை காஞ்சுரும், அதுவும் அதே ஓடைக்குத்தான் வந்து சேரும். முந்தின வருசம் ஒருநாள் நல்ல வெயிலு. என் கூட்டத்தோட சோலை வழியா இறங்கும்போது எனக்கு ஒரு கிறுக்குத்தனம் தோணுச்சு. பாறைகிட்டத் திரும்பி வந்து, சோலை வழிக்குக் குறுக்கே ஒரு கொப்பை ஒடிச்சுப் போட்டு, இலையைக் கவுத்தி வச்சுட்டுப் போயிட்டேன். உள்ள ஒரு அணில் கூட இல்லை.

நீ ஆறு பேரையும் இழுத்துக்கிட்டுப் புல்லுமேடு ஏறிச் சுத்தி, நாக்குத் தள்ள ஓடைக்கு வந்து சேந்த. நான் காலைத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு, பிளாஸ்க்குலேர்ந்து டீயை ஊத்திக் குடிச்சுக்கிட்டிருந்தேன்.

"வா மாப்ளே. ஏன் லேட்டு?"

"ஆனை எந்தப் பக்கம் நின்னுச்சு மச்சான்? குட்டி இருந்துச்சா?"

"இந்தா நிக்குதே. டீ குடிக்குதே, தெரியலையா?"

உனக்குப் புரியுறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. துண்டைச் சுருட்டி என் மூஞ்சியில எறிஞ்ச. வந்திருந்தவங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. நீயும் கடைசியிலே சிரிச்சுட்ட. உனக்கு ரொம்ப நேரம் கோவத்தை வச்சுக்கத் தெரியாது, அதுதான் உன்கிட்ட இருந்த ஒரே குறை.

அந்த வருசத்துல மூணு தடவை போட்டேன். ரெண்டாவது தடவை சோலைக்குள்ள ஒளிஞ்சு நின்னு, "வராதே மாப்ளே, ஆனை, ஆனை"ன்னு கத்தவும் செஞ்சேன். மூணாவது தடவை நீ உக்காந்து முழங்காலைத் தேச்சுக்கிட்டே சொன்ன:

"இன்னொரு தடவை கொப்பைப் போட்டுப் பாரு மச்சான். தாண்டி வந்து உன்னை இந்த ஓடையில முக்குறேனா இல்லையா பாரு."

"தாண்டுவியா நீ? பெரிய ஆளுதான்."

"தாண்டி வர்றேன். சோலைக்குள்ள நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு இருப்பேல்ல, அங்கேயே வந்து பிடிக்கிறேன்."

ஒரே தோட்டத்துல மூட்டை தூக்கி வளந்தவங்க நாம. என் தங்கச்சியைக் கட்டுனதுக்குப் பொறகும் வாடா போடாதான். அந்த உரிமையில நீ சொன்ன, நான் கேட்டுக்கிட்டு இளிச்சேன். அந்தக் காட்டுல நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த ஒரே பாசை அந்தக் கொப்புதான். அதை நான் கெடுத்துப்புட்டேன்னு ரெண்டு பேருக்குமே அப்பத் தோணலையே, ஏன் மாப்ளே?

மார்கழி வந்துச்சு. பன்னெண்டு பேரு. முதல் ஆறு பேரோட நான் போனேன். சோலைக்குள்ள இறங்கி நூறடி கூடப் போகலை, வாடை அடிச்சுச்சு. பாதையில ஆனை லத்தி, ஆவி பறக்குது. மூங்கிலுக்குப் பின்னால காது மட்டும் ஆடுது. அதோட காலுக்கு நடுவுல குட்டி. கையைக் காட்டி எல்லாரையும் சத்தமில்லாமப் பின்னால நகத்திக் கொண்டாந்து ரெட்டைப் பாறைகிட்டச் சேத்தேன். ஒரு பொண்ணு அழுகுறா. நான் பெரிய கொப்பா ஒண்ணை ஒடிச்சேன். குறுக்கே போட்டேன். இலையைக் கவுத்தி வச்சேன்.

அப்ப ஒரு நினைப்பு வந்துச்சு மாப்ளே. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை, என் தங்கச்சிகிட்டக் கூடக் கடைசியாத்தான் சொன்னேன். இவன் இதை நம்புவானான்னு ஒரு நினைப்பு வந்துச்சு. வந்தவங்களை விட்டுட்டு வழிகாட்டி தனியா நிக்கக் கூடாது, அது சரி. ஆனா ஆறு பேரையும் பாறை மேல ஏத்தி உக்கார வச்சு, நானும் உக்காந்திருக்கலாம். அரை மணி நேரந்தானே. அந்தப் பொண்ணு, "போயிரலாம் அங்கிள், போயிரலாம்"னு கையைப் பிடிச்சு இழுத்துச்சு. "கொப்பு போட்டாச்சு, மாப்ளே பாத்துக்குவான்"னு சொல்லிட்டுப் புல்லுமேட்டுல ஏறிட்டேன்.

மேல ஏற ஏற மஞ்சு இறங்கிருச்சு. எங்களைச் சுத்தி ஒண்ணும் தெரியலை. கீழ மட்டும் ஒரு இடத்துல மஞ்சு விலகிச்சு. ரெட்டைப் பாறை தெரிஞ்சுச்சு. உன் சிவப்புத் துண்டு தெரிஞ்சுச்சு. நீ கொப்புகிட்டக் குனிஞ்சு பாத்த. நிமிந்த. நான் ரெண்டு கையையும் வாயில வச்சு, "போகாதே மாப்ளே, ஆனை, ஆனை"ன்னு கத்துனேன்.

அதே வார்த்தை. முன்னால விளையாட்டுக்குக் கத்துன அதே வார்த்தை. வேற வார்த்தை ஒண்ணு அந்த நேரத்துக்கு என் வாயில வரலையே.

அந்த மலையில கூப்பாடு எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரியாது, நாலு பக்கமும் எதிரொலிக்கும். நான் மஞ்சுக்குள்ள இருக்கேன், உன் கண்ணுக்குத் தெரிய மாட்டேன். நீ துண்டை எடுத்துத் தூக்கி ஆட்டுன. என்னைப் பாத்து இல்லை. சோலையைப் பாத்து. உள்ள நான் ஒளிஞ்சிருக்கேன்னு நினைச்சு, என் திருட்டைக் கண்டுபிடிச்சுட்டேன்னு சோலையைப் பாத்துத் துண்டை ஆட்டுன. கூட வந்தவங்களை நிக்கச் சொல்லிட்டு, என்னைப் பிடிக்கிறதுக்காகக் கொப்பைத் தாண்டி உள்ள போன.

மஞ்சு மூடிருச்சு. ஒரு பிளிறல் கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கலை.

கூட வந்தவங்களை விட்டுட்டுப் போகக் கூடாதுங்கிற சட்டத்தை அப்ப மீறுனேன். ஆறு பேரையும் புல்லுமேட்டுல உக்கார வச்சுட்டு உருண்டு புரண்டு இறங்குனேன். நான் வந்து சேரும்போது ஆனை குட்டியைக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. உன் கூட்டத்து ஆளுக பாறையோட பாறையா ஒட்டி நிக்கிறாங்க. துண்டு ஒரு செடியில தொங்குச்சு. நீ கவுந்து கிடந்த. நான் புரட்டிப் போட்டேன். அந்த மூஞ்சியைப் பத்தி எழுத மாட்டேன், வாசிக்கும்போது உன் மக கேட்டுக்கிட்டிருப்பா. ஆனை மேல எனக்கு அன்னைக்கும் கோவம் வரலை, இன்னைக்கும் வரலை. அது அதோட வீட்டுல, பிள்ளையை வச்சுக்கிட்டு நின்னுச்சு.

உன்னைக் கம்பளியில கட்டித் தூக்கிட்டுக் கீழ கொண்டாந்தோம். ஆஸ்பத்திரி வாசல்ல உன் கூட்டத்துல வந்த ஒரு மதுரைக்கார அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. "அவரு கொப்பைத் தாண்டும்போது சிரிச்சுக்கிட்டே, 'இது எங்க மச்சான் விளையாட்டும்மா, இருங்க, பிடிச்சிட்டு வர்றேன்'னு சொன்னாரு. என்னண்ணே விளையாட்டு அது?"

"ஒண்ணுமில்லம்மா, அவன் ஏதாச்சும் சொல்லுவான்"ன்னேன். அந்தம்மா ஊருக்குப் போயிட்டாங்க.

பாரஸ்ட்டு ஆபீசுல கேட்டாங்க. "கொப்பு போட்டியா?" "போட்டேன் அய்யா." "அப்புறம் ஏன் உள்ள போனான்?" வாயில உண்மை வந்து நின்னுச்சு மாப்ளே. பக்கத்துல ராக்கு தலைவிரி கோலமா உக்காந்திருந்தா. "மஞ்சு இருந்துச்சு அய்யா. அவனுக்குக் கண்ணு வேற கொஞ்ச நாளா மங்கலா இருக்குன்னு சொல்லுவான். கவனிக்கலை போல"ன்னுட்டேன். அவங்க எழுதிக்கிட்டாங்க. நான் சொன்னதைத்தான் எழுதுனாங்க, அவங்க மேல தப்பில்லை.

நான் தப்பிக்கிறதுக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தை எங்க போயி விழுந்துச்சு தெரியுமா? கார்த்திகையில போடியில இலவசக் கண் முகாம் போட்டாங்களே. நீ சும்மா ஒருக்காக் காட்டிட்டு வரலாம்னு சொன்னதுக்கு, "பழம் எடுப்பு நடக்குது, இப்பப் போயி ஒரு நாளைக் கெடுக்கணுமா, தை மாசம் பாத்துக்கலாம்"னு ராக்கு தடுத்திருக்கா. எனக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியுமே. பத்து மாசம் மாப்ளே. சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காருவா, சொல்லுவா: "அன்னைக்கே கண்ணைக் காமிச்சிருந்தா அவுக கொப்பைப் பாத்திருப்பாக. நான்தாண்ணே கொன்னுபுட்டேன்." நான் எதிர்ல உக்காந்திருப்பேன். "விடு ஆத்தா, விதி"ன்னு சொல்லுவேன். அவ சோத்தை என் தட்டுல தள்ளுவா. நான் தின்னுருக்கேன்.

பாதையைத் திறந்த மறுவாரம் வந்து நின்னா. "என்னை அங்க கூட்டிட்டுப் போ அண்ணே. அவுக விழுந்த எடத்துல ஒரு கொத்துத் தழை வச்சுட்டு வரணும்."

"அட்டை கடிக்கும். ஏத்தம். உன்னால முடியாது ஆத்தா."

"தினம் மலையில குனிஞ்சு பழம் எடுக்குறவ நான். எனக்கு ஏத்தம் காட்டாதே."

கார்டு அய்யாகிட்ட அனுமதி வாங்கிக் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் நான்தான் பேசிக்கிட்டு வந்தேன், உனக்குத் தெரியுமே, பயம் வந்தா எனக்கு வாய் நிக்காது. இது காட்டுமாட்டுத் தடம், இது கரடி கீறுன மரம், இந்தா ஓணான், நம்ம அம்மா மாதிரியே கழுத்தை ஆட்டுது பாரு. அவ சிரிக்கலை. ரெட்டைப் பாறை வந்துச்சு. அவ நின்னா.

"கொப்பு எங்க கிடந்துச்சு?"

காட்டுனேன்.

"அதே மாதிரி போட்டுக் காட்டு."

"எதுக்கு ஆத்தா?"

"எம்புட்டுத் தூரத்துல அவுக கண்ணுக்குத் தெரியாமப் போச்சுன்னு பாக்கணும். போடு."

போட்டேன். கை தானா இலையைக் கவுத்தி வச்சுச்சு. அவ திரும்பி வந்த வழியே முப்பதடி நடந்து போயி நின்னா. பாத்தா. இன்னும் கொஞ்ச தூரம் போனா. பாத்தா. அப்புறம் முந்தானையை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கிட்டா. கட்டிக்கிட்டு நடந்து வந்தா மாப்ளே. கையை முன்னால நீட்டிக்கிட்டு, ஒத்தையடிப் பாதையில காலைத் தேச்சுத் தேச்சு வந்தா. விழுந்துருவான்னு நான் ஓடுனேன். "தொடாதே"ன்னா. வந்து கொப்புல கால் தடுக்கி நின்னா. இலை சரசரன்னுச்சு.

கண்ணுலேர்ந்து முந்தானையை எடுத்தா.

"கண்ணே இல்லாதவனுக்கும் தெரியும் அண்ணே இது."



"அவுக பாத்துட்டுத்தான் தாண்டியிருக்காக. பாத்துட்டு எதுக்கு அண்ணே தாண்டுனாக?"

அந்தப் பாறையில உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். மூணு கொப்பையும் சொன்னேன். கத்துன வார்த்தையைச் சொன்னேன். துண்டு ஆடுன பக்கத்தைச் சொன்னேன். நம்புவானான்னு ஒரு நினைப்பு வந்துச்சே, அதையும் சொன்னேன். அவ குறுக்க ஒரு கேள்வி கேக்கலை. எல்லாம் முடிஞ்சதும் கேட்டா:

"அந்த மூணு நாளும் முழங்கால் வலின்னு வந்து படுத்தாக. எண்ணெய் போட்டு உருவிவிட்டேன். என்னாச்சுன்னு கேட்டதுக்கு, ஆனை நின்னுச்சு, சுத்தி வந்தோம்னாக. மூணு தடவையும் ஆனையா?"

நீ என்னைக் காட்டிக்கொடுக்கலையே மாப்ளே. வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ வந்து என் மண்டையில நாலு போட்டிருப்பா, நான் அத்தோட நிறுத்தியிருப்பேன். ஏன் சொல்லாம இருந்த?

"நீ விளையாடுனது கூடப் போகட்டும்ணே"ன்னா. குரலு ஏறலை, இறங்கலை. "பத்து மாசம் என் முன்னால உக்காந்து, நான்தான் கொன்னேன்னு நான் சொல்லச் சொல்ல, என் கையால சோறு வாங்கித் தின்னியே. அதுக்கு நான் என்ன பேரு வைக்க?"

   

அவளே குனிஞ்சு கொப்பை இழுத்து ஓரத்துல போட்டா. சோலைக்குள்ள போயி, நான் காட்டுன எடத்துல தழையை வச்சா, கும்பிடலை. இறங்கும்போது எனக்கு முன்னால நடந்தா. செக்போஸ்ட்டு வந்ததும் ஜீப்புல ஏறிக்கிட்டு, என்னைப் பாக்காமலே சொன்னா: "அவுகளுக்குக் கண்ணு மங்கலைன்னு ஊருக்குச் சொல்லணும். நீதான் சொல்லணும். வருசத்தன்னைக்கு எல்லாரும் வருவாக." அவ கடைசியாப் பேசுனது அதுதான்.

ஆபீசுக்கும் போயி உண்மையைச் சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாங்க. இனி மலை ஏற என்னை விடலாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும். நாளைக்கழிச்சு இதைக் கேட்ட பொறகு, வழிகாட்டிகளும் முடிவு பண்ணட்டும். வேணாம்னு சொன்னா ஏலத்தோட்டத்துக்கு மூட்டை தூக்கப் போறேன், முதுகு இன்னும் தாங்கும். எது எப்படியானாலும், டீக்கடையில உக்காந்திருக்கிறவங்க கேட்டுக்கங்க. சுருளிக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுச்சு. கொப்பு அவன் கண்ணுல பட்டுச்சு. போட்டவனைத்தான் அவனால நம்ப முடியலை.

மாப்ளே, என் சிரிப்பை நிறுத்துன்னு நீ சொல்ல மாட்ட. எனக்கும் அது முடியுமான்னு தெரியலை. இந்தக் காயிதத்துலயே உன் மாமியாரைக் கூட விடலை பாத்தியா, எங்க அம்மாதான் அது. ஆனா ஒண்ணு சொல்றேன். என்னை மறுபடியும் காட்டுக்குள்ள விட்டாங்கன்னா, ரெட்டைப் பாறையில இனி நான் கொப்பு போட்டுட்டு நகர மாட்டேன். ஆனை நின்னா, என் ஆளுகளைப் பாறை மேல ஏத்தி உக்கார வச்சுட்டு, பாதைக்குக் குறுக்கே நான் நிப்பேன். பின்னால வர்றவன் என் மூஞ்சியைப் பாத்து, நான் சிரிக்கலைன்னு பாத்து, வலது பக்கம் திரும்புற வரைக்கும் நிப்பேன். மழையானாலும் நிப்பேன், மஞ்சானாலும் நிப்பேன். விடலைன்னா, என் எடத்துக்கு வர்றவனுக்கு இதைச் சொல்லிட்டுத்தான் இறங்குவேன்.

'முத்தையா ஒண்ணு'ன்னு நோட்டுல நீ எழுதுன அந்தப் பக்கத்தை அடிக்க மாட்டேன். அது அப்படியே இருக்கட்டும்.

உன் தங்கமான பொண்டாட்டிக்கு அண்ணன், நம்ம பாசையைக் கெடுத்த
மச்சான் முத்தையா
போடிநாயக்கனூர்